அலையாத்திக் காடுகளும் வடிகால் வாய்க்கால்களும்

கடலோர ஜில்லாக்களில் நிலமுடையவர்களுக்கு அலையாத்திக் காடு புதிய விஷயமன்று. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் ஆற்று முகத்துவாரங்களில், வேறு மரங்கள் நிற்கமாட்டாத சேற்று நிலத்தில் தழைத்து நிற்கும் கண்டல், சுரபுன்னை, தில்லை முதலிய மரங்களின் தொகுதியே அலையாத்திக் காடு எனப்படும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் இம்மரங்களுள் ஒன்றினால் வந்ததென்பதைப் பலரும் அறிவர். ஆயினும், இக்காடு வனத்துறையாருக்கு மட்டுமே உரிய காரியம் என்றும், நெல் சாகுபடி செய்வோருக்கு இதனோடு சம்பந்தமில்லை என்றும் எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்நாட்டில் இக்காடுகள் பெரிதும் காணப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, கடலூர் ஜில்லாவில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம். மற்றொன்று, காவிரிப் படுகையின் தென்கோடியிலுள்ள முத்துப்பேட்டை. பாமணியாறு, கோரையாறு முதலிய ஆறுகள் வயல்களுக்குப் பாய்ந்தபின் எஞ்சிய நீரைக் கொண்டுவந்து சேர்ப்பது முத்துப்பேட்டைக் காயலிலேயேயாம்.

காடு அழிந்த விதம்

இருபதாம் நூற்றாண்டில், 1970-களில் நிறுத்தப்படும் வரை, பிச்சாவரம் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை முற்றிலும் வெட்டி எடுப்பது வழக்கமாயிருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாகவே மீண்டும் முளைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் பல இடங்களில் அது முளைக்கவில்லை. விதை விழாதது அதற்குக் காரணமன்று. மரநிழல் போனபின் வெயில் நேரே பட்டுச் சேறு வறண்டது; வறண்ட மண் தாழ்ந்து தாம்பாளம் போல் குழிந்தது. நமது கிழக்குக் கரையோரத்தில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்குவதால், பள்ளத்திற்குள் புகுந்த கடல்நீர் மீண்டு வடிய வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மாத்திரம் மண்ணில் தங்கிற்று. வருஷந்தோறும் இவ்வாறு உப்பு மிகுந்து, உப்பைத் தாங்கும் கண்டல் மரத்தின் கன்றுகூட உயிர்வாழ முடியாத களராக அந்நிலம் மாறிவிட்டது.

வடிகாலில்லாத வயல் என்ன கதியடையுமென்பதை அறிந்த விவசாயிகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பரிகாரம்

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தமிழ்நாடு வனத்துறையாரும் கூடி இதற்குப் பரிகாரம் கண்டனர். இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தோன்றுவதால் இதற்கு மீன்முள் வாய்க்கால் என்று பெயர். ஓதம் ஏறும்போது நீர் உட்புகுந்து, இறங்கும்போது வடிந்துவிடும். அதனுடன் உப்பும் கழுவப்படும். வாய்க்கால்கள் மேலே அகன்றும் அடியில் குறுகியும் வெட்டப்படுகின்றன. கன்றுகளை அடியில் நட்டால் நீரில் மூழ்கி அழுகும்; மேட்டில் நட்டால் காய்ந்துபோகும். ஆகையால் சரிவின் நடுப்பாகத்தில் நடுவதே உத்தமம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு குறைந்திருக்குமாதலால் அதுவே நடவுக்கு ஏற்ற சமயம்.

இவ்வேலையில் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் சங்கங்களாகச் சேர்க்கப்பட்டனர். இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் அலையாத்திக் காடுகளின் பரப்பு 2001-இல் 23 சதுர கிலோமீட்டர். 2021-இல் 45 சதுர கிலோமீட்டர்.

சர்க்காரின் சட்டங்களும் திட்டங்களும்

1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்திக் காடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் சேர்த்தது. விளைநிலங்களையும் அலையாத்தி நிலங்களையும் இறால் பண்ணைக் குளங்களாக மாற்றலாகாதென்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பண்ணைகளைப் பதிவு செய்துகொள்ளுதல் கட்டாயமாயிற்று. பிச்சாவரம் 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு ஆவுளியாக் காப்பகமாக்கப்பட்டது. ஆவுளியா மேயும் கடற்புல்லும் இதனால் காப்புப் பெறுகிறது. 2023-இல் மத்திய சர்க்கார் அலையாத்தி வளர்ப்புக்கென ஒரு தனித் திட்டத்தையும், தமிழ்நாட்டு சர்க்கார் நெய்தல் மீட்சி இயக்கத்தையும் அறிவித்தன.

காட்டினால் வரும் காப்பு

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரம் பகுதியில் மரங்களின் பின்னே அமைந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு என்று கண்டவர்கள் உண்டு. ஊரின் உயரமும் கடலுக்குள்ள தூரமுமே முக்கிய காரணங்கள் என்று கூறிய ஆராய்ச்சியாளரும் உளர். எவ்வாறாயினும், மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்குமென்பதும், வேர்கள் கரைமண்ணைப் பிடித்து நிறுத்துமென்பதும், இறால், நண்டு, மீன் இவற்றின் குஞ்சுகள் வளர அவ்வேர்களே இடமாகுமென்பதும் உறுதி. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடு பெருஞ்சேதம் அடைந்தது. காக்கும் காடும் புயலில் சேதமடையும். அதன்பின் அதைப் பேணுதல் நம் கடமை.

விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

வெட்டிய வாய்க்கால்கள் சில வருஷங்களில் தூர்ந்துபோகும். தூர் வாராவிட்டால் நிலம் பழையபடி களராகிவிடும். ஆகையால் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தியடைதல் போதாது. வாய்க்கால் ஓடுகிறதா என்பதையே பார்க்கவேண்டும்.

இக்காடுகளுக்கு உப்பு நீர் மாத்திரம் போதாது. மேட்டிலிருந்து நன்னீரும் வண்டலும் வரவேண்டும். அவை வருவது நமது வடிகால் ஆறுகளின் வழியாகவே. கடைமடை வடிகாலை ஒருவர் அடைத்தாலும், அதன் கரைப் புறம்போக்கை மற்றொருவர் ஆக்கிரமித்தாலும், முதலில் நெல் அழுகும். பின்பு காடும் கெடும். ஆகவே வடிகாலைத் திறந்துவைப்பது வயலுக்கும் காட்டுக்கும் ஒருங்கே செய்யும் உபகாரமாகும்.

கன்று நட்ட முதற் சில வருஷங்களில் ஆடுமாடுகளை அவ்விடத்தில் மேயவிடலாகாது. கண்டல் இலையைக் கால்நடைகள் விரும்பித் தின்னுமாதலால், ஒரு மந்தை புகுந்தால் ஒரு வருஷத்து வேலை வீணாகும். பட்டா நிலத்தை இறால் குளத்திற்கு விட எண்ணுவோர், குளத்து உப்பு அடுத்தவர் வயலுக்கும் கிணற்றுக்கும் ஊறும் என்பதை முன்னரே யோசித்தல் நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் வடிகால் புறம்போக்குகளை மழைக்காலத்திற்கு முன் பார்வையிட்டு, அடைப்புகளையும் ஆக்கிரமிப்புகளையும் மேலதிகாரிகளுக்கு உடனுக்குடன் தெரிவிப்பார்களாயின், சர்க்கார் செலவிடும் பணம் பயன்பெறும்.