வண்டிக்கு அடியில் தொங்கும் சக்கரம்

செம்பனைத் தோட்டங்களிலும் கேமரன் மலையின் காய்கறிப் பண்ணைகளிலும் பிக்கப் வாகனங்கள் நாள்தோறும் சேற்றுப் பாதைகளில் ஏறி இறங்குகின்றன. அவற்றின் மாற்றுச் சக்கரம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று கவனித்திருக்கிறீர்களா? கார்களில் அது பெரும்பாலும் பின்புறப் பொருள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். பிக்கப்பிலோ சரக்கு ஏற்றும் தளத்திற்கு இடையூறாக இருக்கக்கூடாது என்பதற்காக, அத்தளத்திற்கு அடியில் தரையைப் பார்த்தபடி தொங்கும்.

இதைத் தாங்குவது ஒரு சிறிய வின்ச் கருவி. அதிலிருந்து இறங்கும் சங்கிலி அல்லது எஃகு வடத்தின் நுனியில் ஒரு தட்டு உண்டு. சக்கரத்தின் நடுத்துளை வழியாகச் சென்று, சக்கரத்தைக் கீழிருந்து தாங்குவது அத்தட்டே. வண்டியின் பின்புறத்தில் உள்ள துளைக்குள் நீண்ட கம்பியை நுழைத்துத் திருகினால், சக்கரம் மெல்லக் கீழிறங்கும்.

இடம் மிச்சமாகிறது, ஆனால், அதற்கு ஒரு விலையும் உண்டு. பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறும் மழைநீரும் நேராக இங்குதான் வந்து படிகின்றன. கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். நாளடைவில் சங்கிலி துருப்பிடித்து இறுகிவிடுகிறது. நள்ளிரவில் டயர் வெடித்து நிற்கும் ஓட்டுநருக்கு, கண்ணெதிரே மாற்றுச் சக்கரம் இருந்தும் கீழே இறங்காது! அதைவிட ஆபத்தானது, வடம் அரிக்கப்பட்டு அறுந்துபோவது. ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுள்ள சக்கரம் நெடுஞ்சாலையில் விழுந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் நிலை என்னவாகும்?

எனவே, ஆண்டுக்கு இருமுறையாவது சக்கரத்தை முழுமையாக இறக்கிப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் செய்வது சிறப்பு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைத்தடையைப் போட்டுவிட்டு இறக்குங்கள். படிந்துள்ள சேற்றை நீரால் கழுவி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குங்கள். உலர்ந்த பிறகு சங்கிலிக்கும் வின்ச்சுக்கும் மசகெண்ணெய் இடலாம். டயரில் எண்ணெய் படக்கூடாது. அது ரப்பரைக் கெடுக்கும். வடத்தின் இழைகள் பிரிந்திருந்தால் எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் பட்டறையில் மாற்றிவிடுவதே முறை.

டயரையும் அப்போதே சோதித்துவிடலாம். பயன்படுத்தாத டயரிலும் காற்று மெல்லக் குறையும். ரப்பரும் முதுமை அடையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள்.

சக்கரத்தை மீண்டும் ஏற்றும்போது தட்டு நடுத்துளையில் நேராகப் பொருந்தியிருப்பதை உறுதிசெய்யுங்கள். இறுதியில் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இன்னும் சற்றுத் திருக வேண்டும். திருகும் கம்பியை மறவாமல் வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பலர் அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் பயணம் புறப்படுகிறார்கள்.