மதிலை இழந்த மதில் நகரம்

மதுரையை ஒரு நாளிற் சுற்றிப் பார்த்தவர்களுள் நம் இலக்கியம் காட்டும் முதல்வன் கோவலன் ஆவான். கண்ணகியைக் கவுந்தியடிகள்பால் மதிற்புறத்தே விடுத்து, காவற்காட்டையும் அகழியையும் கடந்து, யவனர் வாளேந்திக் காத்த வாயில் வழியே நகருட் புகுந்து, வீதிகளையெல்லாம் கண்டு அவன் மீண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் ஊர்காண் காதையிற் கூறும். இக்காலத்து மதுரை காண வருவோர்க்கு அகழியும் இல்லை. வாயிற் காவலும் இல்லை. புகைவண்டி நிலையத்தை விட்டு வெளிப்போந்து மேலவெளி வீதியைக் கடக்கின்றவர், ஒரு காலத்தில் இரட்டை மதிலும் ஆழ்ந்த அகழியும் கிடந்த இடத்தையே தாம் மிதிக்கின்றோம் என்பதை அறியார். நகரில் வாழும் நம்மவரிலும் அறிந்தார் சிலரே. ஆதலின், மறைந்துபோன அம்மதிலைத் தேடி ஒரு நாளில் நடந்து வரத்தக்க வழியொன்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

மதுரையின் கோட்டை ஒன்றன்று, இரண்டு. பாண்டியர் காலத்துக் கோட்டை சிறியது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அதனை அகற்றி, அதனினும் பெரியதாய், புறமதில் அகமதில் என இரண்டு மதில்களும் அவற்றைச் சூழ அகழியும் உடைய புதுக் கோட்டையை எழுப்பினார். அதற்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், அவை ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் காவலில் விடப்பட்டது என்றும் கூறுவர். ஏறக்குறையச் சதுரமான அக்கோட்டையின் சுற்றளவு சுமார் 4000 கஜம்; அஃதாவது இரண்டேகால் மைல். நோயில்லாத கால்களுக்கு இஃது ஒரு காலைப்பொழுதின் நடையே.

முதலிற் காண வேண்டியது விட்டவாசல். அம்மன் சந்நிதிக்குக் கிழக்கே, கடைகளின் நடுவே, கல்லால் அமைந்த வாயில் ஒன்று நிற்கின்றது. பாண்டியர் கோட்டையின் கீழைவாயில் இதுவே. மற்றவையெல்லாம் இடிக்கப்பட, இஃதொன்று மாத்திரம் இடிக்காமல் விடப்பட்டமையால் இப்பெயர் பெற்றது என்பர். இதனை முதலிற் கண்டு கொண்டால், பழைய நகர் எத்துணைச் சிறிய எல்லைக்குள் அடங்கியிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி வீதிகளின் பெயரைக் கவனிக்க. கோயிலினுள்ளே ஆடி வீதி. அதன் புறத்தே சித்திரை வீதி. பின் ஆவணி மூல வீதி. அதற்கப்பால் மாசி வீதி. இறுதியில் வெளி வீதி. ஒன்றையொன்று சூழ்ந்த இச்சதுரங்களில் வெளி வீதியொன்றே திங்களின் பெயரோ திருவிழாவின் பெயரோ பெறாதது. அது மதில் வீழ்ந்தபின் தோன்றியது. ஆகவே திருவிழாவை அறியாதது. மற்றொரு புதுமையும் உண்டு. சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியில்! மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று இதற்குக் காரணம் கூறுவர். விழா இடம் பெயர்ந்தது; பெயர் பெயரவில்லை.

கோயிலைப் பற்றிக் கூறும் நூல்கள் பலவாதலின் இங்கு விரித்தல் வேண்டா. நண்பகலில் நடை சாத்துவர் ஆதலால் காலையிலேயே புகுதல் நன்று என்பதையும், ஆயிரக்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்பதையும் மாத்திரம் சொல்லி அப்பாற் செல்வோம். எண்ணிப் பார்க்க முயல்வோர் பகற்பொழுதை இழப்பர்.

கோயிலுக்குத் தென்கிழக்கே திருமலை நாயக்கர் அரண்மனை உள்ளது. செங்கல்லும் சுதையும் கொண்டு 1636இல் எழுந்த அம்மாளிகையின் ஒரு பகுதியே நாம் இன்று காண்பது. எஞ்சியவற்றைப் பெயரனாகிய சொக்கநாத நாயக்கர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பது வழங்கும் செய்தி. பின்பு, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு இதனைப் பழுதுபார்ப்பித்தார். பல்லாண்டுகள் நீதிமன்றங்களும் இங்கே நடந்தன. வழக்காளிகளின் கூட்டம் இக்கட்டடத்தை இடிபடாமற் காத்தது என்று கூறினும் பிழையில்லை. அரண்மனையின் வேறொரு பகுதியாகிய பத்துத்தூண், சற்று வடமேற்கே, சந்தொன்றில் துணிக்கடைகளுக்கு நடுவே கூரையின்றி நிற்கின்றது. கடைக்காரரைக் கேட்டால்தான் வழி தெரியும்.

அதற்கு அண்மையிலேயே உள்ளது விளக்குத்தூண். பேருந்து நடத்துநர் நாள்தோறும் கூவும் பெயர் இது. ஆயினும் யாருக்காக நாட்டிய தூண் என்று வினவுவார் இலர். 1834 முதல் 1847 வரை மதுரையில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரைக்கு நகர மக்கள் செலுத்திய நன்றி அது. அவர் செய்த காரியம் யாதெனில், கோட்டையை இடித்ததேயாம்.

1801இல் நாடு கும்பினியார் கைப்பட்டபின் கோட்டைக்கு வேலையில்லை. நகரோ நெருங்கியது, அகழிநீர் தேங்கி நாறியது, காய்ச்சல் மிகுந்தது. துரை கண்ட வழி சிக்கனமானது. மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியின் ஒரு பகுதியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலமே உரிமையாகும் என்றார். மக்களே மண்வெட்டியுடன் வந்தனர். மதிலும் அகழியும் கிடந்த வரிசையில் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் தோன்றின. மாரட் நில அளவையாளர். பெருமாள் வேலையை நடத்திய மேஸ்திரி. மன்னர் பெயரும் தளபதியர் பெயரும் மறைந்த கோட்டையில் ஒரு மேஸ்திரியின் பெயர் நிலைபெற்றிருத்தல் எமக்கு மிகவும் உவப்பாயுள்ளது.

பிற்பகலில் வெளி வீதிகளைச் சுற்றி வருக. மேற்கே, பெரியார் பேருந்து நிலையத்தருகே, இடிபடாது எஞ்சிய கொத்தளம் ஒன்று உண்டு. இரைச்சலின் நடுவே அதனை நின்று நோக்குவார் அரியர். 1763இலும் 1764இலும் கான்சாகிப் என்னும் யூசுப்கான் கும்பினிப் படையையும் நவாப் படையையும் எதிர்த்து நின்றது இக்கோட்டைக்குள்ளிருந்தே. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலை மதில் தாங்கிற்று. முற்றுகையும் பசியும் நீண்டன. முடிவில் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கின்றது. பீரங்கிக்கு விழாத மதில் எண்பதாண்டுகள் கழித்து மண்வெட்டிக்கு விழுந்தது.

இடித்தது தகுமோ என்ற வினாவுக்கு விடை காண, மதில் இடியாத நகரொன்றை நோக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டிலுள்ள பெஸ் நகரம் அத்தகையது. அதற்கும் மதுரைக்கும் பழைய தொடர்பொன்றும் உண்டு. அந்நாட்டுத் தாஞ்சியரிற் பிறந்த இபின் பதூதா 1340களில், சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கு வந்தார். அப்பொழுது கொள்ளைநோய் பரவி, நோயுற்றோர் இரண்டொரு நாளில் மாண்டனர். அவருக்கும் கடுஞ்சுரம் கண்டது; நம் ஊர்ப் புளியை நீரிற் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக அவரே கூறுகின்றார். 1355இல் தம் யாத்திரை வரலாற்றை அவர் சொல்லி எழுதுவித்து முடித்தது பெஸ் நகரிலேதான்.

1912இல் பிரெஞ்சுக்காரர் மொராக்கோவைத் தம் காவலிற் கொண்டபோது, லியோத்தே என்னும் தலைவர் பழைய நகரங்களைத் தொடாது, மதிலுக்கு வெளியே புதுநகரங்களைச் சமைத்தார். அதனால் பெஸ் நகரில் இன்றும் மதிலும் வாயில்களும் நிற்கின்றன. வண்டி நுழையாத சந்துகளிற் கோவேறு கழுதைகளே சுமை கொணர்கின்றன. 1981இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆனால் அகன்ற வீதிகளும் புது வசதிகளும் வெளியே ஐரோப்பியர்க்கு அமைந்தன. அகத்தே மண்ணின் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். செல்வர் பலர் பின்னர் வெளியேற, பழைய மாளிகைகள் சிதைந்தன.

மதுரையில் அவ்வாறு இரு நகரங்கள் உண்டாகவில்லை. மதிலிருந்த மண் எளியோர்க்கும் மனையாயிற்று. கோயிலைச் சூழ்ந்து இன்றும் சந்தையும் குடியும் ஒருங்கே வாழ்கின்றன. ஆதலின் துரையை முற்றும் பழிக்க எம் மனம் ஒருப்படவில்லை. ஆயினும் நாற்றிசை வாயில்களையேனும் விட்டிருக்கலாம். அவர் விட்டதும் அவருக்கு முன்னோர் விட்டதுமாகிய கொத்தளமும் விட்டவாசலும் நம் காலத்திலே சுவரொட்டி தாங்கி நிற்பின், அப்பழி அவரைச் சாராது.

பொழுது மிச்சமிருப்பின் வண்டியேறிக் கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளம் செல்லலாம். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே அக்குளமாயிற்று என்பர். தோண்டும்போது கிடைத்த முக்குறுணிப் பிள்ளையார் இப்பொழுது கோயிலினுள்ளே இருக்கின்றார். காலையில் நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள்.