மங்கையர் கையிலும் சிலம்பம்

ஜப்பானியரின் வாள்வீச்சைக் கற்க அயல்நாட்டவர் பலர் அந்நாட்டை நாடிச் செல்கின்றனர். மதுரை மாணவியராகிய நமக்கோ வீரக்கலை வெகு தொலைவில் இல்லை. நம் நகரைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் கம்பு சுழல்வதைக் காண்கிறோம் அல்லவா? அதுவே சிலம்பம்.

சிலம்பக் கம்பு மூங்கிலால் அல்லது பிரம்பால் ஆனது. ஏறக்குறைய ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். ஆசானை வணங்கிய பின்னரே பயிற்சி தொடங்கும். முதற்பாடம் அடிப்பதன்று, காலடி வைப்பதே. கால் நிலைத்தால்தான் கை சுழலும். அதன் பின்னரே வீச்சு, தடுப்பு, குத்து ஆகியவற்றைக் கற்பிப்பர். ஜப்பானியரின் கெண்டோவிலும் மூங்கில் வாளைக் கொண்டே பழகுகின்றனர். அங்கும் வணக்கமும் காலடியும் இன்றியமையாதவை.

"பெண்பிள்ளைக்குக் கம்பு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள சிவகங்கைச் சீமையின் அரசி வேலுநாச்சியார் இளமையிலேயே சிலம்பம் பயின்றவர் என்பர். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த அவர், 1780-இல் தம் நாட்டை மீட்டார். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளிலும் சிலம்பம் இடம்பெற்றது.

கற்பாரில்லாத கலை ஆசானோடு மறைந்துவிடும். ஆகவே, பாட்டும் பரதமும் பயில அனுப்பும் பெற்றோரே, எங்கள் கையில் கம்பையும் தாருங்கள்! தோழியரே, கற்போம், காப்போம்!