மல்லிச்செடியில் எந்த ரகம்?

பூந்தமல்லி நெடுஞ்சாலை நர்சரிகளில் வெறுமனே "மல்லிச்செடி" என்று கேட்காதீர்கள். ஒழுங்காகக் கவாத்து செய்தால் பத்துப் பதினைந்து வருடம் பூக்கிற செடி அது. எந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

மல்லிகை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் குண்டுமல்லி, முல்லை, பிச்சி எனப்படும் ஜாதிமல்லி மூன்றும் தனித்தனி இனங்கள். குண்டுமல்லி அரிதாகத்தான் விதை பிடிக்கும். குச்சி நட்டும் பதியம் போட்டும்தான் பெருக்குகிறார்கள். ஆகவே ஒரு ரகத்துச் செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் கிளைகள்தாம். ரகம் மாறி வந்துவிட்டால் எந்த எருவும் அதைத் திருத்தாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் நாற்று வருவது ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து.

ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒற்றை மல்லியில் ஒரே சுற்று இதழ்; அடியில் சிறு குழல், அதற்குள் இரண்டே மகரந்தத் தாள்கள். அடுக்கு மல்லியில் இதழுக்குள் இதழாக வந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தினமும் சரம் தொடுக்க ராமநாதபுரம் குண்டுமல்லிதான் என் தேர்வு.

வெயில் அரைநாள்கூட விழாத இடத்தில் குண்டுமல்லி இலையாகவே வளரும். முல்லை வேண்டுவோருக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2 (1988) இருக்கிறது. முல்லையைக் கெடுக்கும் சிலந்திப்பேனைத் தாங்குவது பாரிமுல்லை.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் தேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண்ணை மேடாக்கி நடுங்கள். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். நம் பக்கம் அப்போது அடைமழை என்றால் நாலு நாள் வெயில் பார்த்து வெட்டலாம். மார்ச்சில் மொட்டு வைக்கும்.

செடி வாங்கவும் பங்குனி, சித்திரைதான் தோது. பையிலேயே மொட்டு இருக்கும். பிரித்துப் பார்த்து ஒற்றையா அடுக்கா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.