ஸ்டென்ட் வைத்த பிறகும் மாரடைப்பு வருமா?

“பிளாக்கை எடுத்தாச்சு, இனி பயமில்லை.” நாகர்கோவிலோ தக்கலையோ, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கப் போனால் இந்தப் பேச்சு காதில் விழும். உண்மையில் அடைப்பை யாரும் எடுக்கவில்லை. பலூனால் அதை ரத்தக்குழாய்ச் சுவரோடு அழுத்தி, குழாய் மறுபடி சுருங்காமலிருக்க உலோக வலையை விரித்து வைத்திருக்கிறார்கள். கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது. மற்றக் குழாய்களிலும் இருக்கிறது.

பழைய இடமா, புது இடமா?

மாரடைப்போ அதன் முன்னோடியான நெஞ்சுவலியோ வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 697 பேரை மூன்றாண்டுகள் கவனித்த ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவருக்கு இதயத் தொல்லை திரும்பியது. பெரும்பாலோர் நெஞ்சுவலி கூடி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள்; இறப்பு குறைவு. சிகிச்சை செய்த இடத்திலேயே தொல்லை வந்தவர்கள் 12.9 சதவீதம், வேறு இடத்தில் வந்தவர்கள் 11.6 சதவீதம்; சிலருக்கு இரண்டிலும். அந்த வேறு இடங்களில் முதல் ஆஞ்சியோவின்போது இருந்த அடைப்பு சராசரியாக 32 சதவீதம்தான். அந்த அளவுக்கு யாரும் ஸ்டென்ட் வைப்பதில்லை.

ஆகவே கொழுப்பு மாத்திரைதான் முக்கியம். “டெஸ்டில் நார்மல் வந்துட்டு, நிறுத்திட்டேன்” என்பார்கள். நார்மலாக வந்ததே மாத்திரையால்தானே! பீடி, சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஆண்டு

புதிதாக வைத்த உலோகத்தை உடம்பு அந்நியமாகவே பார்க்கும். ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். குழாயின் உள்தோல் வளர்ந்து வலையை மூட மாதக்கணக்காகும். மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால் இன்னும் தாமதம். அதுவரை காவல், ஆஸ்பிரினும் அதோடு தரும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையும்தான். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு இரண்டும் தேவை. ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைப்பார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவது நூற்றில் ஓரிருவருக்கு நேர்வதுதான். ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே வரும். பல் பிடுங்கப் போகும்போது தாமாகவே மாத்திரையை நிறுத்துவது இங்கே சகஜம். இதய மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது.

எல்லோருக்கும் ஆயுளைக் கூட்டுமா?

மாரடைப்பின் நடுவே வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கும். நடந்தால் மட்டும் வலிக்கிற, நிலையான நெஞ்சுவலிக்காரர்களின் கதை வேறு. 5,179 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் மருந்தில் தொடங்கியவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி குறைந்ததே லாபம். இதைச் சொல்லாமல் அவசரப்படுத்தும் இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தப்பில்லை.

‘வாயு’ என்று உட்கார்ந்துவிட்டால்

சோடா, இஞ்சிச் சாறு, சுக்கு வெள்ளம் என்று ஒரு மணி நேரம் போய்விடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளை ஸ்டென்ட் வசதியுள்ளவற்றோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளிவந்தது: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய கருவி எதுவும் அதற்குக் காரணமில்லை. நோயாளிகளை அனுப்பிவைப்பது ஒழுங்காகி, ஆஞ்சியோவும் ஸ்டென்டும் பெற்றவர்கள் கூடினார்கள்.

2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்வேளை மாத்திரைகள் கிடைக்கின்றன. பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக்குடியிருப்புகளிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்ச் சேரும் நேரத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை அங்கே காட்டுங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள்

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. நடுக்கடலில் மாத்திரை தீர்ந்தால் வாங்க இடமில்லை. வலி வந்தால் 108 வராது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் எப்போது படகேறலாம் என்பதை இதய மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். ஏறும்போது திரும்பும் நாளைவிடக் கூடுதலான நாள்களுக்கு மாத்திரை, நனையாத டப்பாவில். படகில் இன்னொருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.