மூட்டுக்குக் கீழே எலும்பு முறிந்தால்… எங்கே கீறுவது, எப்போது கீறுவது?

டூவீலர் சறுக்கி விழுந்தவருக்கு ஆபரேஷன் தேவை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஐந்து நாளாகியும் தியேட்டருக்கு அழைத்துப் போகவில்லை. காலுக்கு வெளியே கம்பி மாட்டி, தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். "இன்னும் என்னத்துக்குங்க காக்க வைக்கிறாங்க, வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாமா?" என்று வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். முழங்காலை ஒட்டிய முறிவுகளில் அந்தக் காத்திருப்பே பாதி வைத்தியம்.

எந்த இடம் இது?

டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை அகன்று, மேடைபோல் விரிந்திருக்கும். தொடை எலும்பு வந்து உட்காருவது அதன்மேல்தான். இங்கே ஏற்படும் முறிவை டாக்டர்கள் 'டிபியல் பிளாட்டோ' முறிவு என்பார்கள். மூட்டின் வழவழப்பான பரப்பே உடைந்துபோவதால், நடுக்காலில் ஏற்படும் முறிவைவிட இது சிக்கலானது. பரப்பு மேடுபள்ளமாகவே கூடிவிட்டால், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

இளவயதினருக்குப் பெரும்பாலும் சாலை விபத்தால் இது வருகிறது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தாலே போதும். அதிகம் உடைவது வெளிப்பக்கம்தான். உட்பக்க எலும்பு உறுதியானது. அது உடைந்திருக்கிறது என்றால், பட்ட அடி பலமானது என்று அர்த்தம். மூட்டுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயையும் பக்கத்திலுள்ள நரம்புகளையும் உடனே சோதிக்க வேண்டும்.

காத்திருப்பதும், காத்திருக்கவே கூடாததும்

முழங்காலுக்குக் கீழே முன்புறம் எலும்பை மூட தோலைத் தவிர அதிகச் சதை கிடையாது. அடிபட்ட ஓரிரு நாளில் அந்தத் தோல் பளபளவென்று வீங்கி, சிலருக்கு நீர்க்கொப்புளமும் கிளம்பும். அந்த நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், உள்ளே வைத்த பிளேட் வெளியே தெரியும் அளவுக்குக்கூடப் போகலாம். அதனால்தான் வெளியே கம்பி மாட்டி எலும்பை இழுத்து நிறுத்திவிட்டு, வீக்கம் வடிந்து தோலில் மீண்டும் சுருக்கம் தெரியும்வரை பொறுத்திருக்கிறார்கள். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். இடையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, எந்தத் துண்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத் திட்டமிடுவார்கள்.

ஆனால், ஊசி போட்டும் அடங்காத வலி, கல்லுபோல் இறுகிய கெண்டைச்சதை, கால்விரலை மெல்ல நீட்டினாலே உயிர்போகிற வேதனை, மரத்துப்போதல் ஆகியவை தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சதைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்பதற்கான அறிகுறி அது. உடனே சதையுறையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். பாதம் சில்லிட்டு வெளுத்தாலும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலும் அதே அவசரம்தான். எண்ணெய் போட்டு உருவுவதும், இறுக்கி நாட்டுக்கட்டு போடுவதும் இந்த ஆபத்தை இரட்டிப்பாக்கும். வைத்தியரின் கைராசி பற்றிய நம்பிக்கையை இந்த ஒரு முறிவிலாவது ஓரமாக வைத்துவிடுங்கள்.

கத்தி எந்தப் பக்கம்?

கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர் ஜோசப் ஷாட்ஸ்கர் 1979-ல் இந்த முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்தார். இன்றும் டாக்டர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். கீறும் இடத்தைத் தீர்மானிப்பது முறிவின் பக்கம்.

வெளிப்பக்க முறிவுக்கு, மூட்டின் முன்-வெளிப்புறத்தில் சற்று மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிறது கீறல். பிறகு மூட்டு உறையைத் திறந்து, மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வைத் தையல் நூலால் மேலே தூக்கிப் பிடிப்பார்கள். உடைந்த பரப்பு அப்போது கண்ணுக்கு நேரே தெரியும். ஜவ்வின் ஓரம் கிழிந்திருந்தால் அதையும் அங்கேயே தைத்துவிடலாம். வேகவைத்த முட்டையின் ஓட்டைக் கரண்டியால் தட்டியதுபோலப் பரப்பு உள்ளே அமிழ்ந்திருக்கும். கீழேயிருந்து ஒரு சின்ன சாளரம் திறந்து, கருவியால் மெல்லத் தட்டித் தட்டி அதை மேலே கொண்டுவருவார்கள். அடியில் ஏற்படும் வெற்றிடத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளாலோ கால்சியம் கலவையாலோ நிரப்பி, பரப்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக ஸ்குரூ ஓட்டி, பக்கத்தில் பிளேட் வைத்துத் தாங்குவார்கள்.

உட்பக்கத் துண்டு பெரும்பாலும் பின்னோக்கிச் சரியும். முன்னாலிருந்து அதைப் பிடிக்க முடியாது. காலின் உட்பக்கப் பின்விளிம்பை ஒட்டிக் கீறி, கெண்டைச்சதையைப் பின்னே ஒதுக்கி, அது சரியும் இடத்திலேயே பிளேட்டால் முட்டுக்கொடுப்பார்கள். மூட்டின் பின்பக்க மையத்திலேயே உடைந்திருந்தால் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்னாலிருந்து போவதுண்டு. ஷாங்காய் மருத்துவர்கள் 2010-ல் முன்வைத்த 'மூன்று தூண்' கருத்துக்குப் பிறகு, பின்பக்க முறிவுகளுக்குக் கூடுதல் கவனம் கிடைத்தது.

இருபக்கமும் உடைந்தவருக்கு இரண்டு தழும்பு இருப்பதைப் பார்த்து, 'ஒரே கீறலில் முடித்திருக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. ஒருகாலத்தில் அப்படித்தான் நடுவில் நீளமாகக் கீறினார்கள். இருபுறமும் தோலை உரித்துத் தூக்க வேண்டியிருந்ததால் தோல் கருகிப் புண்ணானது. ஆகவே, இடையில் 7 சென்டிமீட்டராவது நல்ல தோல் விட்டு இரண்டு கீறல் போடுவதே பாதுகாப்பு. தோல் மிக மோசமாகச் சேதமடைந்தவர்களுக்கு ரஷ்ய மருத்துவர் இலிசாரோவ் உருவாக்கிய வளையக் கம்பி முறை கைகொடுக்கும்.

வீடு திரும்பிய பின்

மூட்டை மடக்கும் பயிற்சி பெரும்பாலும் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். பாரம் ஊன்றத்தான் 6 முதல் 12 வாரம் வரை தடை. இரண்டையும் குழப்பிக்கொண்டு காலை ஆட்டாமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகும். ரத்தக்கட்டு வராமலிருக்கத் தரும் மருந்தை நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். புகைப்பவருக்குப் புண்ணும் எலும்பும் தாமதமாகத்தான் கூடும்.

'பிளேட்டை எப்போது எடுக்கணும் டாக்டர்?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வலியோ உறுத்தலோ சீழோ இல்லையென்றால், அதை எடுக்கவே தேவையில்லை.