உண்ண மறுப்பதும் ஒரு நோயே

பாவில் அறுந்த இழையை அப்போதே கண்டு பிணைக்கும் நெசவாளிக்குத் துணி வீணாவதில்லை. நோய்க்கும் இது பொருந்தும்.

எம். புதுப்பட்டிப் பக்கத்துச் சங்கமொன்றில் நான் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, ஓர் அங்கத்தினர் தம் மகளின் வைத்தியத்திற்காக மூன்றாம் முறையாகக் கடன் மனுக் கொடுத்தார். பதினேழு வயதுப் பெண். ஓராண்டாகச் சரிவர உண்பதில்லை. ஒருவர் மந்திரித்தார், மற்றொருவர் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார். அவளையே விசாரித்தவர் எவருமிலர். பின்னர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பொறுமையாகக் கேட்டபோதுதான், பருத்துவிடுவோமோ என்ற அச்சமே காரணம் என்பது வெளிப்பட்டது.

இது செல்வர் வீட்டு நோய் என்றும், மேனாட்டு நோய் என்றும் எண்ணுதல் தவறு. 1998இல் சென்னை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 210 மருத்துவ மாணவர்களுள் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு உணவு பற்றிய மனவேதனை, கடுமை குறைந்த நிலையில், காணப்பட்டது. ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

இதனை ஐயுறுவதற்கு எளிய வழியொன்று உள்ளது. லண்டன் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட 'ஸ்காஃப்' என்னும் ஐந்து கேள்விகளின் கருத்து வருமாறு:

1. வயிறு நிறைந்து சங்கடம் தருகிறதென்று நீங்களே வாந்தியை வரவழைத்துக் கொள்கிறீர்களா?
2. உண்ணும் அளவு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லையென்று கவலையுறுகிறீர்களா?
3. மூன்று மாதங்களுக்குள் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா?
4. பிறர் மெலிவு என்று கூறும்போதும் பருமனாயிருப்பதாக நம்புகிறீர்களா?
5. உணவைப் பற்றிய எண்ணமே உங்கள் வாழ்வை ஆள்கிறதா?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்று விடை வந்தால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. ஆயின் இக்கேள்விகள் சல்லடையே அன்றித் தராசு அல்ல. இவற்றை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்யலாகாதென்று பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறியும் கூறுகிறது. காசநோய், தைராய்டுக் கோளாறு, நீரிழிவு ஆகியவற்றாலும் எடை குறையும். வறுமையால் உணவு குறைவதும் உண்டு. அவற்றை மருத்துவரே பிரித்தறிதல் வேண்டும். எடை இயல்பாக இருப்பவரிடமும் இந்நோய் மறைந்திருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

அடிக்கடி வாந்தி எடுப்பதால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். மயக்கம், மார்புப் படபடப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் மருத்துவமனைக்கு உடனே செல்க. மாதவிலக்கு நின்றுபோதலும் கவனிக்கத்தக்க அறிகுறியாகும். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு சீர்குலைந்து உயிருக்கே கேடு வரலாம். ஆகையால் உணவை மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? ஏசுதலும், அடித்து ஊட்டுதலும், உறவினர் முன் உடலைப் பற்றிக் கேலி பேசுதலும் கூடா. தனியே அமர்ந்து அன்புடன் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். 2022இல் தொடங்கப்பெற்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

மூன்று கடன்கள் செய்யாததைச் சில கேள்விகள் செய்தன. அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் இல்லத்தாருக்கும் எடுத்துரைப்பார்களாக.